மூன்றாவது செருமல்

வேலிகளுக்கு நடுவே போகும் எங்கள் ஒழுங்கைக்குள் நுழையும்போது வாப்பா மூன்று முறை செருமுவார். சின்னதாக இரண்டு, பிறகு நீளமாக ஒன்று. முதல் செருமலில் கிணற்றடியில் நிற்கும் பெண்கள் முக்காட்டை இழுத்துக்கொள்வார்கள். இரண்டாவதில் வேலியோரம் குந்தியிருக்கும் ஆண்கள் எழும்புவார்கள். மூன்றாவது முடிவதற்குள் அவர்கள் கையில் இருந்த பீடியும் சுருட்டும் மணலுக்குள் போயிருக்கும். வாப்பா பள்ளிவாசலை நிர்வகிக்கும் மரைக்கார். ஊரில் பாதிப் பேருக்கு மூத்தவர். புகைக்காதே என்று அவர் யாரிடமும் சொல்லி நான் கேட்டதில்லை. பெரியவருக்கு முன்னால் புகைப்பது மரியாதை இல்லை, அவ்வளவுதான்.

சாய்ந்தமருதில் கடற்கரைப் பக்கமாக எங்கள் வீடு. ஐம்பதுகளின் நடுப்பகுதி அது. எனக்குப் பதின்மூன்று வயது. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை நிறுத்தி என்னை வீட்டுக்குள் இருத்தியிருந்தார்கள். என்னைவிட ஆறு வயது மூத்த ராத்தாவுக்குச் சிறு வயதிலிருந்தே தொய்வு வருத்தம். மாரி தொடங்கினால் மூச்சு இழுக்கும். நெஞ்சுக்குள் பூனைக்குட்டி கிடந்து கத்துவதுபோலச் சத்தம் வரும். மருந்து எடுக்க வாப்பா அவளை மட்டக்களப்புப் பெரியாஸ்பத்திரிக்கு பஸ்ஸில் கூட்டிப் போவார். துணைக்கு நானும் போவேன். வாப்பா பஸ் படியில் கால் வைத்துச் செருமினால் உள்ளே இருந்த சுருட்டெல்லாம் யன்னலால் வெளியே பறக்கும். மட்டக்களப்பு வரைக்கும் அந்த பஸ்ஸில் கடற்காற்றுத்தான் அடிக்கும்.

வாப்பா இல்லாத நேரத்தில் அந்தச் செருமலைச் செய்து காட்டுவது எனக்கும் ராத்தாவுக்கும் விளையாட்டு. வெறும் வாயால் செய்தால் கோழி கொக்கரித்த மாதிரி இருக்கும். வெறுங்குடத்தின் வாய்க்குள் முகத்தை வைத்துச் செருமினால் வாப்பாவே வந்து நின்றதுபோல முழங்கும். பிறத்தியாருக்கு முன்னால் ஒரு சொல் கதைக்க வராத எனக்கு அது மட்டும் நன்றாக வந்தது. ராத்தா சிரித்துச் சிரித்து மூச்சு முட்டி, “போதும்டி, சாகடிக்காதடி” என்று என் முதுகில் அடிப்பாள்.

எங்கள் பக்கத்தில் கலியாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து இருப்பார். ராத்தாவை முடித்த மச்சானும் அப்படித்தான் வந்தார். மருதமுனைத் தறிகளில் சாரன் வாங்கி, சைக்கிளில் கட்டிக்கொண்டுபோய்ச் சிங்களக் கிராமங்களில் விற்பார். அதட்டிக் கதைக்கத் தெரியாத நல்ல மனிதர். சுருட்டு மட்டும் அவருக்கு வேண்டும். வாப்பா இருந்தவரைக்கும், சோறு தின்று கை கழுவியதும் கடற்கரைக்குப் போய்விடுவார். வாயைக் கொப்பளித்து, ஏலக்காய் ஒன்றை மென்றுகொண்டு திரும்பி வருவார். வாப்பாவுக்கு அது தெரியும். வாப்பாவுக்குத் தெரியும் என்பது மச்சானுக்கும் தெரியும். நான் மச்சானின் முன்னால் வருவதில்லை. கதவுக்குப் பின்னால் நின்று அவருடைய குரலைக் கேட்பதோடு சரி.

ஐப்பசியில் நாலு நாள் காய்ச்சலில் வாப்பா மவுத்தானார். உம்மா வெள்ளை உடுத்து இத்தா இருந்தாள். நாலு மாதமும் பத்து நாளும் அவள் வாசலைத் தாண்டக் கூடாது.

நாற்பதாம் நாள் கத்தம் ஓதி, வந்தவர்கள் சோறு தின்றுவிட்டுப் போனார்கள். பின்னேரம் விடாத மழை. மச்சான் வாசலில் நின்று வானத்தைப் பார்த்தார். பிறகு திரும்பி வந்து முன்விறாந்தைக் கதிரையில் இருந்தார். நெருப்புக்குச்சி உரசும் சத்தம் கேட்டது. எங்கள் வீட்டில் அந்தச் சத்தம் அதுவரைக்கும் அடுப்பெரிக்கும் குசினிக்குள் மட்டும்தான் கேட்டிருக்கிறது.

“உம்மா, சுருட்டு மணம் வருது. நெஞ்சடைக்குது” என்றாள் ராத்தா, உள்ளறையில் இருந்து.

“மழைதானே மகள். அந்தப் புள்ள எங்க போற?”

“நீங்க ஒருக்கா வேணாமெண்டு செல்லுங்களன்.”

“வந்திருக்கிற மாப்பிள்ளையக் குறை செல்ற வீடெண்டு பேரெடுக்கவா? நீ செல்லன். உன்ட மாப்பிள்ளைதானே.”

“அவர்ர முகம் வாடிப் போகும் உம்மா.” ராத்தா என்னைப் பார்த்தாள். “தங்கச்சிய அனுப்புவம். அவ போய் நிண்டு வாயத் திறக்கிறத்துக்குள்ள நான் கிழவியாகிடுவன்.”

உம்மாகூடச் சிரித்தாள். நான் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அந்த மாரி முழுவதும் மழை விடவில்லை. மச்சானும் கடற்கரைக்குப் போகவில்லை. ராத்தா படுத்து உறங்குவதை விட்டுவிட்டாள். சுவரில் தலையணை வைத்து, குந்திக்கொண்டே விடியவிடிய இருப்பாள். குளிர்தான் காரணம் என்றார்கள், தயிர்தான் காரணம் என்றார்கள். கதிரையில் நெருப்புப் பொட்டுத் தெரியும்போதெல்லாம் உள்ளறையில் அந்தப் பூனைக்குட்டி கத்தத் தொடங்கும் என்பதை நானும் ராத்தாவும்தான் கவனித்திருந்தோம்.

ஒரு நாள் பொழுது படும் நேரம், மஃரிபு தொழுகைக்குச் சற்று முன்னால் நான் கிணற்றடியில் குடத்தோடு நின்றேன். மழை கொஞ்சம் ஓய்ந்திருந்தது. விறாந்தையில் நெருப்புப் பொட்டு. உள்ளே ராத்தாவின் மூச்சு வேலிவரைக்கும் கேட்டது. நான் யோசிக்கவில்லை. வேலி மறைவில் குந்தி, குடத்தின் வாயில் முகத்தை வைத்துச் செருமினேன். ஒன்று. இரண்டு.

கதிரை சரிந்து விழுந்தது. உள்ளே உம்மா “யா அல்லாஹ்” என்று கத்தினாள். அந்தச் சத்தத்தில் முகத்தைக் குடத்திலிருந்து எடுத்துவிட்டேன். மூன்றாவது செருமல் வரவில்லை.

குசினிப் பக்கத்தால் நான் உள்ளே வந்தபோது மச்சான் வெறுங்கையோடு நடுவீட்டில் நின்றார். சுருட்டை எங்கே எறிந்தார் என்று அவருக்கே தெரியவில்லை.

“மாமி, கேட்டீங்களா?”

“ஓம் மகன். ரெண்டு காதாலயும் கேட்டன்.”

“மாமாதான்.”

“வேற ஆரு? இண்டைக்கு வெள்ளி இரா எலுவா.”

வியாழக்கிழமை மஃரிபோடு வெள்ளி இரவு தொடங்கிவிடும். மவுத்தானவர்களின் ரூஹு அந்த இரவில் தங்கள் வீட்டை வந்து பார்த்துவிட்டுப் போகும் என்று எங்கள் ஊரில் நம்பியிருந்தார்கள். நான் கிழமையை மறந்து செய்த வேலை இது.

அதற்குப் பிறகு மச்சான் வீட்டுக்குள் சுருட்டை எடுக்கவில்லை. ஒரு கிழமை ராத்தா படுத்து உறங்கினாள். கன்னத்தில் கொஞ்சம் நிறமும் வந்தது. நான் பயந்துகொண்டே சந்தோஷப்பட்டேன். ஆனால் உம்மா சோறு தின்னவில்லை.

“மூணு தரம் செருமுற மனிசன் ரெண்டோட போயிட்டாரே” என்று சொல்லிச் சொல்லி அழுதாள். “முழுசாச் செருமாமப் போறெண்டா அவருக்கு என்னமோ குறை கிடக்கு. என்ன குறை வெச்சோம் நாம?”

அப்போது நான் சொல்லியிருக்க வேண்டும். நான்தான் உம்மா, குடத்துக்குள் செருமினேன் என்று. அடி விழுந்திருக்கும், அவ்வளவுதான். கதவுக்குப் பின்னால் நின்று முந்தானையைத் திருகிக்கொண்டிருந்தேன்.

அடுத்த வெள்ளி இரவு, வாப்பாவின் குறை தீர லெவ்வையை அழைத்து ஓத வைத்தாள் உம்மா. சாரல் அடித்ததால் யன்னல்களைச் சாத்தியிருந்தார்கள். சிரட்டைக் கரி நெருப்பில் சாம்பிராணியை அள்ளி அள்ளிப் போட்டார்கள். அறைக்கு அறை சட்டியைக் கொண்டுபோய்க் காட்டினார்கள். ஓதி முடிவதற்குள் ராத்தாவின் உதடு நீலம் பாய்ந்துவிட்டது.

விடிந்ததும் மச்சான் அவளை முதல் பஸ்ஸில் ஏற்றினார். உம்மா இத்தாவில் இருந்ததால் பெண் துணைக்கு நான் போனேன். மழைக்காக பஸ்ஸின் இரண்டு பக்கமும் படங்கை இறக்கிக் கட்டியிருந்தார்கள். காற்று வர வழியில்லை. கல்முனையில் ஏறிய ஆட்கள் நனைந்த உடம்போடு சுருட்டுப் பற்றவைத்தார்கள். எங்களுக்கு முன் இருக்கையில் வாப்பாவின் வயதில், தொப்பி போட்ட ஒரு பெரியவர். அவரும் பற்றவைத்தார்.

மச்சான் எழும்பப்போவதுபோல் அசைந்தார். பிறகு இருந்துவிட்டார்.

“செல்லுங்களன்” என்றாள் ராத்தா. குரல் நூல்போல வந்தது.

“வாப்பாட வயசு மனிசன், புள்ள. அவருக்கிட்ட எப்பிடிச் செல்ற?”

மச்சான் அப்போது வீட்டுக்குள் புகைக்காமல் ஒரு கிழமைக்கு மேல் இருந்தார். அவர் கையிலும் சுருட்டு இருந்திருந்தால் பெரியவருக்காக மறைத்திருப்பார். பெரியவர் மறைக்க வேண்டிய ஆள் அந்த பஸ்ஸில் ஒருவரும் இல்லை.

ராத்தாவின் மூச்சுச் சத்தம் கேட்டுப் பெரியவர் திரும்பிப் பார்த்தார். இரக்கமாகத்தான் பார்த்தார்.

“தொய்வா தம்பி? பனி கூடிப் போச்சு. வேர்க்கொம்பு அவிச்சுக் குடுங்க” என்றார். சொல்லும்போது ஒவ்வொரு சொல்லோடும் புகை வந்தது.

“ஓம் மாமா, குடுக்கன்” என்றார் மச்சான்.

ராத்தா என் தோளில் சாய்ந்தாள். முக்காட்டுக்குள் வாயை என் காதோடு வைத்தாள்.

“குடத்தைக் கொண்டு வந்தியாடி?”

நான் திரும்பி அவளைப் பார்த்தேன்.

“எனக்குத் தெரியும். வாப்பா ரெண்டோட நிப்பாட்டுவாரா?” சிரிக்கப் பார்த்தாள். இருமல்தான் வந்தது. இருமல் அடங்கியதும், “இப்ப ஒருக்கா செருமன். குடமில்லாட்டியும் பரவாயில்ல” என்றாள்.

குடம் இல்லாமல் அது வாப்பாவின் செருமலாக இருக்காது என்று அவளுக்குத் தெரியும். ஒரு பெண் பிள்ளை செருமினால், ‘மாமா, ராத்தாவுக்கு ஏலாது’ என்று ஒரு வார்த்தை சொன்னால், அந்தப் பெரியவர் சுருட்டை எறிந்திருப்பார். கெட்ட மனிதர் இல்லை அவர். நான் வாயைத் திறந்தேன். பஸ் நிறையப் பிற ஆண்கள். திறந்த வாய்க்குள் புகைதான் போனது. முந்தானையால் பொத்திக்கொண்டேன். களுவாஞ்சிக்குடி தாண்டும்போது ராத்தா இன்னொரு முறை என் கையை அழுத்தினாள். காத்தான்குடியில் அழுத்தவில்லை. கல்லடிப் பாலத்தில் பஸ் ஏறும்போது அவளுடைய தலை என் தோளில் கல்லாகக் கனத்தது.

ஆஸ்பத்திரியில் இரண்டு இரவு இருந்தாள். மூன்றாம் நாள் விடியற்புறம் சுபஹு நேரத்தில் போய்விட்டாள். சுருட்டுப் புகைதான் அவளைக் கொன்றது என்று நான் சொல்லமாட்டேன். அவளுடைய நாள் அதுவரைக்கும்தான் என்று எழுதியிருந்தது. ஆனால் என்னிடம் அவள் கேட்டது ஒரு செருமல்.

இரண்டு வருடம் கழித்து என்னை மச்சானுக்கே முடித்துக் கொடுக்கப் பேசினார்கள். வாப்பாவின் இடத்தில் எனக்குப் பொறுப்பாக, வலியாக, நின்ற சாச்சா உள்ளே வந்து, “சம்மதமா மகள்?” என்று கேட்டார். கன்னிப் பெண் பேசாமல் இருந்தால் அது சம்மதம். நான் பேசாமல் இருந்தேன். எனக்குத் தெரிந்தது அது ஒன்றுதான்.

அவரோடு நீண்ட காலம் வாழ்ந்தேன். கடற்கரையில் புகைப்பார், கடைத்தெருவில் புகைப்பார். வீட்டுக்குள் புகைத்ததில்லை. வியாழன் பின்னேரத்தில் வெளியிலும் தொடமாட்டார். பிள்ளைகள் காரணம் கேட்டால், “உங்கட மூத்தப்பா ஒரு வெள்ளி இரா இந்த வீட்டுக்கு வந்தவர். ரெண்டு தரம் செருமினவர்” என்பார்.

பிள்ளைகள் என் பக்கம் திரும்புவார்கள். “மெய்தானா உம்மா? நீங்களும் கேட்டீங்களா?”

“ஓம், கேட்டன்” என்பேன்.

அவர் மவுத்தாகும்வரைக்கும் நான் அதற்கு மேல் சொல்லவில்லை.

இப்போது பஸ்ஸுக்குள்ளும் பஸ் நிலையத்திலும் புகைக்கக் கூடாது என்று பலகையில் எழுதிப் போட்டிருக்கிறார்கள். அது சரியா, ஒரு மனிதன் தன் பாட்டில் புகைப்பதைத் தடுக்கலாமா என்று என் பேரப்பிள்ளைகள் வீட்டில் சண்டை பிடிக்கிறார்கள். எனக்கு அப்படிக் கதைக்கத் தெரியாது. எங்கள் காலத்திலும் ஒரு தடை இருந்தது. சின்னவன் பெரியவனுக்காக அணைப்பான். பெரியவன் அணைக்க வேண்டும் என்றால் அவனுக்கும் பெரியவன் ஒருவன் வர வேண்டும். மூச்சு முட்டுகிற ஒரு பெண்ணுக்காக அணைக்க வேண்டும் என்று அதில் இல்லை. இந்தப் பலகை ஆளின் வயதைப் பார்ப்பதில்லை. ஐந்தாம் வகுப்புப் படித்த என்னாலும் எழுத்துக்கூட்டி வாசிக்க முடிகிறது. இதைப் போட்டது நல்லது என்றுதான் சொல்வேன். கொஞ்சம் முந்திப் போட்டிருக்கலாம்.

போன மாதம் கல்முனை பஸ் நிலையத்தில் எனக்குப் பக்கத்தில் ஒரு வாலிபன் சிகரெட் பற்றவைத்தான். அடுத்த இருக்கை வாங்கில் ஒரு பெண் கைக்குழந்தையோடு இருந்தாள். நான் செருமினேன். மூன்று முறையும் செருமினேன்.

“என்ன உம்மா, இருமலா? தண்ணி வாங்கித் தரட்டா?” என்று கேட்டான். அன்பாகத்தான் கேட்டான். சிகரெட் கையிலேயே இருந்தது.

அந்தச் செருமலுக்கு என்ன அர்த்தம் என்று தெரிந்தவர்கள் ஒருவரும் இப்போது இல்லை. வாய் இன்றைக்கும் திறக்கவில்லை. கையை நீட்டிப் பலகையைக் காட்டினேன்.