பிச்சைமணியும் பங்குனிக் காற்றும்

செத்த கோழியின் காலைப் பிடித்துத் தூக்கி, இறகை ஊதிப் பார்த்துவிட்டு, பிச்சைமணி வானத்தைப் பார்ப்பார். கோழியை ஐந்து நொடி பார்த்தால் வானத்தை ஐந்து நிமிடம் பார்ப்பார். “பங்குனிக் காத்து காஞ்சு வீசுச்சுன்னா வெள்ளைக் கழிச்சல் வரத்தானுங்க செய்யும்” என்பார்.

கோவிந்தாபுரம் பக்கம் எந்தப் பண்ணையில் கோழி செத்தாலும் துக்கம் கேட்க முதலில் வந்து நிற்பது அவருடைய மொபெட்தான். மழைக்கு ரத்தக் கழிச்சல், மார்கழிப் பனிக்குச் சளி, வெயிலுக்கு வெள்ளைக் கழிச்சல் என்று வருடம் முழுவதற்கும் நோய் வைத்திருக்கிறார். செருப்போடு கொட்டகைக்குள் போவார். ஈர எச்சத்தை மிதிப்பார், நாலு கோழியைப் புரட்டுவார், டீ குடித்துவிட்டு அடுத்த பண்ணைக்குக் கிளம்புவார். மறுவாரம் அங்கேயும் கோழி சாகும். அங்கேயும் துக்கம் கேட்கப் போவார். பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பார்கள். இங்கே பழியெல்லாம் காற்றுக்கு. மிருகாசுபத்திரி டாக்டர் ஒருமுறை செருப்பைப் பற்றிக் கேட்டாராம். “அவுரு படிச்சவருங்க, காத்தப் பத்தித் தெரியாது” என்று பிச்சைமணி எங்களிடம் வருத்தப்பட்டார்.

நேற்று அருண்பாண்டியின் கொட்டகையில் அறுநூறு கோழி செத்துக் கிடந்ததைப் பார்த்த கையோடு கற்பகத்தின் பண்ணைக்கு வந்தார். பின்சீட்டில், துணைக்குப் போன நான். கற்பகத்தின் இரண்டாயிரம் கோழிகளுக்கும் வயது முப்பத்தாறு நாள். இன்னும் மூன்று நாளில் ஏற்ற லாரி வரும். புருஷன் இல்லாத அந்த வீட்டுக்கு வேறு பிழைப்புக் கிடையாது. கொட்டகை வாசலில் பிளீச்சிங் பவுடர் கரைத்த தண்ணீரை அகலச் சட்டியில் வைத்திருந்தாள்.

“இதுல கால நனைச்சுட்டு வாங்கண்ணா.”

“ஏனம்மிணி, காத்து என்ன காலக் கழுவீட்டா வருது?”

வேட்டியைத் தூக்கிப் பிடித்துச் சட்டியைத் தாண்டி உள்ளே போனார். வயதில் மூத்தவர், பெரிய பண்ணைக்காரர், கற்பகம் என்ன சொல்வாள்? நான் காலை நனைத்துவிட்டு அவர் பின்னால் போனேன்.

அங்கிருந்து அவருடைய சொந்தப் பண்ணைக்குப் போனோம். ஐயாயிரம் கோழி, இந்தப் பங்குனியில் ஒன்றுகூடச் சாகவில்லை. பிச்சைமணி செருப்பை வேலிக்கு வெளியே கழற்றினார். குழாயடியில் குந்தி, சோப்புப் போட்டு முழங்கால் வரை தேய்த்துக் கழுவினார், நகக்கண்ணைக்கூட விடவில்லை. பிறகு எழுந்து சோப்பை என்னிடம் நீட்டி, என் கால்களைப் பார்த்துக்கொண்டு நின்றார்.