பின்வாசலிலிருந்து பார்த்த சமையலறை

அடுப்பு மூட்டப் போகும்போதெல்லாம் என் மாமியார் அந்தோணியம்மாள் தீப்பெட்டியோடு ஒரு தடவை வெளியே வருவார். முந்தானை நுனியை உயர்த்திப் பிடித்து, அது எந்தப் பக்கம் பறக்கிறது என்று பார்ப்பார். பல வருஷங்களாக நான் இதைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். காய்ச்சலில் படுத்திருந்தால்கூட என்னைக் கூப்பிட்டு, "காத்து எங்க கீது, பாத்தியா?" என்று கேட்டுவிடுவார்.

எங்கள் சாந்தோம் குப்பத்தில் ஓலைக் குடிசைக்காரர்கள் எல்லாருக்கும் இந்தப் பழக்கம் உண்டு. ஒரு பொறி பறந்தால் வரிசையே எரிந்துபோகும். ஓட்டு வீடு கட்டியவர்களுக்கு அந்தப் பயம் இல்லை. எங்களுடையது ஓட்டு வீடுதான். மாமியார் காற்றைப் பார்ப்பது நெருப்புக்குப் பயந்து அல்ல.

அவர் மீன் விற்பவர். எங்களுக்குப் பின்குடிசையில் இருக்கும் கோவிந்தம்மாவும் அவரும் சின்ன வயதிலிருந்து சேர்ந்தே கூடை தூக்கியவர்கள். காலையில் கிளம்பிப் பாலம் தாண்டி, அடையாற்றுப் பங்களாக்களில் விற்றுவிட்டு வெயிலில் திரும்புவார்கள். கோவிந்தம்மாவுக்கு மார்கழிப் பனியில் இழுப்பு வரும். அந்த நாட்களில் அவருடைய மீனையும் மாமியாரே தன் கூடையில் போட்டுக்கொண்டு போய் விற்று வருவார்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்திரண்டாம் வருஷம் என் கணவர் மரியசெல்வத்துக்குத் துறைமுகத்தில் வேலை கிடைத்தது. குடிசையைப் பிரித்துவிட்டு ஓட்டு வீடு கட்டுவது என்று முடிவானது. மற்ற அறைகளைப் பற்றி மாமியார் வாய் திறக்கவில்லை. சமையலறையை மட்டும் துடுப்பின் முனையால் மணலில் தானே கீறிக் காட்டினார். இடுப்பு உயரத்துக்கு ஒரு மேடை, மேடைமேல் அடுப்பு, அடுப்புக்கு எதிரே பெரிய சன்னல்.

"எம் மருமவ குந்திக்கினு கண்ணைக் கசக்க வாணாம். நின்னுக்கினு சமைக்கட்டும்" என்றார்.

மாமனார் மிக்கேல் சிரித்தார். "இன்னாமே, நெத்திலி கொழம்புக்கு மேடை கேக்குதா? நாளைக்கு நாற்காலி போடச் சொல்லுவ போலக்கீதே!"

மேஸ்திரி இனாயத் பாய், புகை போகக் கூரையில் கூண்டு வைக்கட்டுமா என்று கேட்டார்.

"வாணாம் பாய். நான் மீன் குடுக்கிற பங்களாவுல சன்னல்தான் கீது. பொகை அது வழியாத்தான் வருது. நான் தெனம் பாக்கறேனே."

"எந்தப் பக்கம் வெக்கறது?"

"பின்னாடிதான். அங்கயும் பின்னாடிதான்."

அதுவும் சரிதான், கடற்காற்று முன்வாசலில் நுழைந்து புகையைத் தள்ளிக்கொண்டு போய்விடும் என்றார் பாய். அப்படியே கட்டினார்.

முதலில் பார்க்க வந்தவர் கோவிந்தம்மாதான். மேடையைத் தடவிப் பார்த்தார். "உங்க கோயில் பீடம் மாதிரியே கீதுடி அந்தோணி. மெழுகுவத்தி ஏத்திடாத, சோறாக்கு!" என்றார். அன்று இருவரும் சிரித்த சிரிப்பு தெருவரை கேட்டது.

பங்களாக்காரர்கள் யாரும் மாமியாரைப் பின்வாசல் படி தாண்டி உள்ளே விட்டதில்லை. படியில் கூடையை இறக்கி வைத்து, அங்கிருந்தே அந்தச் சமையலறையைப் பார்த்து வந்திருக்கிறார். அவர் முதுகுக்குப் பின்னால் பெரிய மாந்தோப்பு இருந்தது. சன்னல் வழியாக வந்த புகை அந்த மரங்களுக்குள் போய்க் கரைந்தது. எங்கள் சன்னலுக்குப் பின்னால் தோப்பு இல்லை. கோவிந்தம்மாவின் வாசல் இருந்தது.

நாங்கள் உலை வைக்கும் நேரம்தான் கடற்காற்று ஏறும் நேரம். எங்கள் சமையலறையில் துளிப் புகை தங்காது. அத்தனையும் நேராக அந்தக் குடிசைக்குள் போகும். ஒரு நாள் கோவிந்தம்மா வாசலில் ஈரச்சாக்கு தொங்குவதைப் பார்த்தேன். மாமியாரும் பார்த்தார். அந்த வருஷம் கோவிந்தம்மாவுக்கு ஐப்பசியிலேயே இழுப்பு வந்துவிட்டது. வந்தது போகவும் இல்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து நாங்கள் வீடு திரும்பினோம். கோவிந்தம்மாவின் புருஷன் பக்கிரி, எங்கள் பக்கம் இருந்த வாசலை ஓலை வைத்துக் கட்டி அடைத்துவிட்டு, மேற்குப் பக்கம் புது வாசல் வெட்டிக்கொண்டிருந்தார். குடிசைக்கு வாசல் மாற்ற ஒரு பகல் போதும்.

"இன்னா பக்கிரி, சொல்லாம கொள்ளாம வாசலை மாத்துற?" என்றார் மாமியார்.

"சாரல் அடிக்குதுக்கா" என்றார் பக்கிரி, நிமிர்ந்து பார்க்காமல்.

உள்ளேயிருந்து இருமலோடு கோவிந்தம்மாவின் குரல் வந்தது. "ஆமாண்டி, சாரல்தான்."

அன்று மாமியார் சாப்பிடவில்லை. சன்னலைச் செங்கல் வைத்து அடைக்க வேண்டும் என்று மாமனாரிடம் சொன்னார்.

"பைத்தியமா ஒனக்கு? ஆசையா கட்டிக்கினது நீதானே? அவங்க வந்து எதுனா கேட்டாங்களா?"

"கேட்டிருந்தா நானும் நாலு வார்த்த பேசி சண்டை போட்டிருப்பேன்யா. கேக்கலயே!"

மிச்சம் கிடந்த செங்கல்லை எடுத்து, மண்ணைக் குழைத்து அவரே அடைத்தார். நான் மண் எடுத்துக் கொடுத்தேன். மறுநாள் சமைக்கும்போது எதிரில் நிற்பவர் முகம் தெரியாத அளவுக்குப் புகை. கோவிந்தம்மா தெருவைச் சுற்றிக்கொண்டு முன்வாசல் வழியாக வந்து நின்றார். மூச்சு வாங்கியது.

"ஏண்டி, நீ கண்ணு அவிஞ்சி கெடந்தா எனக்கு மூச்சு வந்துடுமா? தொறடி அதை."

"நீ வாசலைத் தொற. நான் சன்னலைத் தொறக்கறேன்."

கோவிந்தம்மா மேடையைத் தடவிப் பார்த்தார். "எனக்கு அந்தப் பக்கம் பழகிப்போச்சு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அதற்குப் பிறகு அந்த மேடையில் நாங்கள் சமைக்கவில்லை. மண் அடுப்பைச் சந்தில் வைத்து, காற்றுக்குத் தகுந்தபடி இடம் மாற்றிக்கொள்கிறோம். எந்த இடமும் ஒத்துவராத நாளில் பழைய சோறுதான். குந்தித்தான் சமைக்கிறேன். அதைப் பார்க்கும்போதெல்லாம் மாமியார் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். உனக்கும் ஆகாமல் கோவிந்தம்மாவுக்கும் ஆகாமல் ஒரு வேலையைச் செய்துவிட்டேன் என்று ஒருமுறை என்னிடம் சொன்னார்.

இது நடந்து ஆறு வருஷமாகிறது. கோவிந்தம்மாவுக்கு இப்போது எல்லா மாதமும் இழுப்பு வருகிறது. வயசானால் அப்படித்தான் என்று மந்தைவெளி வைத்தியர் சொல்கிறார். மாமியார் அதை நம்பவில்லை. சமையலறையில் வலைகள் கிடக்கின்றன. பின்குடிசைக்கு நாங்கள் இன்னும் தெருவைச் சுற்றித்தான் போகிறோம்.