மரத்தில் பூசிய திருநீறு

பாரோய் ஊரில் எங்கள் வீட்டு வாசல் மரத்தில் இன்று காலை யாரோ வெள்ளைக் கோடு போட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். வெட்டப் போகிறார்களாம்.

ஜப்பான்காரன் ஆண்ட காலத்தில் நாங்கள் ரெம்பாவ் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் இருந்தோம். தோட்டத்தை ஒட்டி அப்பா வாங்கிய துண்டு நிலத்தில் ஒரு கிழட்டுப் பலாமரம். சயாமில் ரயில் பாதை போடப் பலவந்தமாக ஆள் பிடிக்க லாரி வந்தால் அப்பா அந்த மரத்தில் ஏறி இலைகளுக்குள் ஒளிந்துகொள்வார்.

அன்றும் லாரிச் சத்தம் கேட்டதும் ஏறிவிட்டார். எனக்கு எட்டு வயது. முனியாண்டி சாமி அப்பாவை மறைக்கட்டும் என்று திருநீற்றைத் தண்ணீரில் குழைத்து அடிமரத்தில் பட்டையாகப் பூசினேன்.

வந்தது ஆள் பிடிக்கும் லாரி அல்ல, காவலுக்கு ஒரு ஜப்பான் சிப்பாயோடு வந்த விறகு லாரி. வெட்ட வேண்டிய மரங்களுக்குத் தோட்டத்தில் ஆட்களை வேலை வாங்கும் மண்டோர் சுண்ணாம்புக் கோடு போட்டுவைப்பார். அது எனக்குத் தெரியும். பயத்தில் நினைவு வரவில்லை. கோடாலிக்காரர்கள் நேராக எங்கள் மரத்துக்கு வந்தார்கள். இரண்டாவது வெட்டில் பால் வடிந்தது. மூன்றாவது வெட்டில் மேலிருந்து அப்பா பேசினார்.

"நிறுத்துங்கய்யா. இறங்குறேன்."

சிப்பாய் துப்பாக்கியை நீட்டினான். அப்பா இறங்கி, அந்தத் திருநீற்றைத் தொட்டு நெற்றியில் இட்டுக்கொண்டு லாரியில் ஏறினார். திரும்பி வரவேயில்லை. மரத்தையும் சாய்த்துவிட்டார்கள்.

"எங்க மரத்துல ஏன்யா கோடு போட்ட?" என்று அம்மா மண்டோரைக் கேட்டாள்.

"சத்தியமா நான் போடலம்மா."

சாகும்வரை அம்மா அவர் முகத்தில் விழிக்கவில்லை. நான் வாயைத் திறக்கவும் இல்லை.