இரண்டாவது வரிசையில் ஒரு தப்புத் திருப்பம்

பாட்டு வீடியோவில் பாடுகிறவரைத் தவிர வேறு யாரையாவது நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? சட்டென்று தலையாட்டாதீர்கள். பின்னால் ஆடியவர்களில் ஒருத்தியின் முகத்தைச் சொல்லுங்கள், பார்ப்போம்.

பள்ளி வேன் ஓட்டும் ஒருத்திக்கு வீட்டில் "ஸ்டார்" என்று பட்டப்பெயர். எல்லாம் கேலிதான். கல்யாணத்துக்கு முன்னால் ஒரு பாப் வீடியோவில் ஆடினேன் என்று அவள் வாய் வலிக்கச் சொல்லியிருக்கிறாள். ஒருவரும் நம்பவில்லை. ஊர் நம்பாவிட்டால் போகட்டும், பெற்ற மகளாவது நம்பக்கூடாதா என்பதுதான் அவள் ஆதங்கம்.

அன்று சாயங்காலம் மகள் போனை டிவியில் இணைத்துப் பழைய பாப் வீடியோக்களாகப் போட்டுத் தள்ளினாள். தோள் புடைத்த கோட்டுகள், எங்கிருந்தோ கிளம்பும் புகை, காரணமே இல்லாமல் பறக்கும் கூந்தல். வீடே விழுந்து விழுந்து சிரித்தது. துணி மடித்துக்கொண்டிருந்தவள் திடீரென்று கையிலிருந்த தலையணை உறையை வீசிவிட்டுத் துள்ளி எழுந்தாள்.

"இதான்! இதேதான்டி!"

திரையில் பன்னிரண்டு பெண்கள். அத்தனை பேருக்கும் ஒரே வெள்ளி விக், ஒரே கறுப்புக் கண்ணாடி.

"இதுல நீங்க எங்க இருக்கீங்க அண்ணி? விக்குக்குள்ளயா?" என்றாள் நாத்தனார்.

"ரெண்டாவது வரிசையில பாரு. இப்ப எல்லாரும் ஒரு பக்கம் திரும்புவாங்க, நான் மட்டும் எதிர்ப்பக்கம் போவேன்!"

அப்படியே நடந்தது. பதினொரு பேர் ஒரு பக்கம், ஒருத்தி மட்டும் மறுபக்கம்.

"மாஸ்டர் எங்களைப் பார்த்து நின்னுதான் சொல்லிக்குடுப்பாரு. அவர் வலது பக்கம்னா நாமளும் நம்ம வலது பக்கம் திரும்பணும். நான் கண்ணாடியைப் பார்க்கிற மாதிரி அவர் போன பக்கமே போயிட்டேன்."

"வீடியோவைப் பார்த்துட்டு யார் வேணாலும் இந்தக் கதையைச் சொல்லலாமே!" என்றாள் நாத்தனார்.

அவள் முகம் வாடிவிட்டது. தலையணை உறையை எடுக்கக் குனிந்தாள்.

மகள் மட்டும் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. வீடியோவைப் பின்னுக்கு இழுத்து அதே இடத்தை மெதுவாக ஓட்டினாள். தப்பாகத் திரும்பிய பெண் தாளத்தைப் பிடிக்க இடது காலில் சின்னதாக ஒரு தத்தல் போட்டு, உதட்டைக் கடித்தாள்.

"அத்தை, இந்தத் தத்தல்! வேனை விட்டு இறங்கும்போது அம்மா போடுவாங்களே, அதே தத்தல்! அந்த உதட்டைக் கடிக்கிறதும் அதே மாதிரி! அம்மா, இது நீயேதான்!"

நாத்தனார் திரைக்குப் பக்கத்தில் போய்ப் பார்த்து, "ஆமாடி!" என்றாள். அடுத்த நிமிடம் சோபா சுவரோரம் போனது, மூன்று பேரும் ஆடினார்கள். அவள் இந்த முறையும் எதிர்ப்பக்கமே திரும்பினாள், வேண்டுமென்றே.

மூச்சு வாங்க உட்கார்ந்தபோதுதான் மகள் வீடியோவின் கீழே இருந்த பெயர்களைப் படித்தாள். பாடியவர், இயக்கியவர், கடைசியில் ஓடிவரும் நாய்க்குட்டியைப் பழக்கியவர் என்று எல்லோரும் இருந்தார்கள். வியர்வையில் நனைந்து ஆடிய பன்னிரண்டு பேரில் ஒருத்தி பெயர்கூட இல்லை.

"இது என்னம்மா நியாயம்?" என்று கொதித்தவள், கருத்துப் பெட்டியில் அம்மாவின் முழுப்பெயரைத் தட்டி, பக்கத்தில் சேர்த்தாள்: "இரண்டாவது வரிசை, தப்பாகத் திரும்பியவர்."

"மத்தவங்க பேரு சொல்லும்மா."

அவளுக்கு நினைவில் இருந்தவை பட்டப்பெயர்கள்தான்: சிரிப்பாணி, நெட்டை, பொடிசு.

கண்ணால் கண்டதைவிட அச்சில் வந்த பெயரையே நம்பும் புத்தி நமக்கு. அதை இன்று ஒரு நாள் ஒதுக்கி வையுங்கள். ஒரு பழைய வீடியோவைப் போட்டு இரண்டாவது வரிசையைப் பாருங்கள். அங்கே ஆடுகிறவரை உங்களுக்குத் தெரிந்தால், அவர் பெயரைக் கீழே எழுதுங்கள்.