மூடி திறந்தும் நிற்காத பிரஸ்

ஜெயப்பிரியாவிடம் எனக்குப் பிடிக்காத ஒரே குணம், சொன்ன வேலையைச் சொன்னபடி செய்யாதது. அவள் முகத்துக்கு நேராகவே சொல்லியிருக்கிறேன். "சரிண்ணா, சரிண்ணா" என்று சிரிப்பாள். பிறகு தன் போக்கில்தான் செய்வாள்.

வில்லியனூரில் ஒரு செல்போன் கடைக்கு மேலே என் ஆபீஸ். மூன்று கம்ப்யூட்டர். கம்பெனிகள் தங்கள் மெஷின்களைக் கம்ப்யூட்டரில் வரைந்த முப்பரிமாண டிசைன் ஃபைலை அனுப்பும். அதை அனிமேஷனுக்குத் தோதாக்கிக் கொடுப்போம். ஆயிரக்கணக்கான பாகங்களில் வீடியோவில் தெரியாததை அழிக்க வேண்டும். எது எதோடு சேர்ந்து அசையும், எங்கே மடங்கும் என்று இணைப்புப் போட வேண்டும். கட்டைவிரல் நகத்தைவிடச் சின்ன பாகமா, தூக்கு. இது நான் போட்ட சட்டம்.

ஜெயப்பிரியா ஏம்பலத்திலிருந்து தினமும் பஸ்ஸில் இங்கே வேலைக்கு வருகிறாள். அப்பா ராஜாமணி தகடு அடிக்கும் பிரஸ்ஸில் கை நசுங்கி, ரத்தம் போய் இறந்து ஆறு வருஷம். ஓடும் மெஷினின் மூடியைத் திறந்து கையை விட்டார், அவருடைய அஜாக்கிரதைதான் என்று தொழிற்சாலை எழுதிக் கொடுத்துவிட்டது. அம்மா தையலம்மாளும் அதை நம்பினார். திதிக்குப் படைக்கும்போதுகூட, "அவசரக்குடுக்கை, எங்களை நடுத்தெருவுல வுட்டுட்டுப் போனியே" என்று திட்டிக்கொண்டேதான் இலை போடுவாராம்.

போன ஐப்பசியில், பிரஸ் செய்யும் கம்பெனி ஒன்று பாதுகாப்பு வீடியோவுக்காக ஃபைல் அனுப்பியது. திறந்ததுமே ஜெயப்பிரியாவின் முகம் மாறியது.

"அப்பா நின்ன மெஷின்ணா இது. மாடல் நம்பரும் அதான்."

வேறு ஆளிடம் தரட்டுமா என்றேன். வேண்டாம் என்றாள்.

மத்தியானம் சாப்பிட்டுவிட்டு மாடியேறி வந்தேன். வெளியே மழை. திரையில் பிரஸ்ஸின் மூடி திறக்கிறது, தகட்டை அழுத்தும் மேல் அச்சு இறங்குகிறது. மறுபடி திறக்கிறது, மறுபடி இறங்குகிறது. முன்னால் ஒரு பொம்மை ஆள். எல்லா வீடியோவிலும் நாங்கள் நிறுத்தும் அதே முகமில்லாத சாம்பல் பொம்மைதான். ஆனால் ஜெயப்பிரியா அதைக் குட்டையாக்கி, இடது தோள் சரிய நிறுத்தியிருந்தாள். அவள் அப்பா அப்படித்தான் நிற்பாராம். பொம்மையின் கை உள்ளே போனது.

பயந்தால் எனக்குக் கோபம்தான் வரும். "இன்னா பண்ணி வச்சிருக்க? மூடி தொறந்தா அச்சு நிக்கணும்ல? அதை நிறுத்தற பூட்டைச் சின்னதுன்னு அழிச்சிட்டியா?" என்று கத்தினேன்.

"நான் எதையும் அழிக்கலண்ணா. அவங்க அனுப்புனதே இப்டித்தான்."

நம்பாமல் மூல ஃபைலை நானே திறந்தேன். மூடிக்கும் அச்சுக்கும் நடுவே பூட்டு இருக்க வேண்டிய இடம் காலி. கம்பெனிக்காரன் தெரியாத்தனமாகப் பழைய டிசைனையும் சேர்த்து அனுப்பியிருந்தான், அவள் திறந்தது அதுதான். பக்கத்து ஃபோல்டரில் திருத்திய டிசைன். அதில் பூட்டு இருந்தது. தேதியைப் பார்த்தேன். ராஜாமணி செத்து இரண்டு மாதம் கழித்துப் போட்டது. அட பாவிகளா!

அப்பா மேல் தப்பில்லை என்று மனு எழுதுவது அப்புறம், முதலில் அம்மா இதைப் பார்க்கணும் என்றாள் ஜெயப்பிரியா. கம்பெனி ஃபைலை வெளியாளுக்குக் காட்டக் கூடாது. இருந்தாலும் கூட்டிக்கொண்டு வா என்றேன்.

மறுநாள் தையலம்மாள் கண்ணாடியைப் புடவையில் துடைத்துப் போட்டுக்கொண்டு திரையில் ஓடியதை மூன்று தரம் பார்த்தார்.

"மூடியத் தொறந்தா நின்னுடும்னு நம்பித்தான கைய வுட்டாரு?"

"ஆமாம்மா. மூடி மேலயே அப்டித்தான் எழுதியிருக்கு, பாரு."

"ஐயோ, ஆறு வருஷமா வாய்க்கு வந்தபடி திட்டிட்டேனே" என்று அந்த அம்மா தலையில் அடித்துக்கொண்டு அழுதார். எனக்கும் தாங்கவில்லை. திரையில் அந்தக் கை மறுபடி உள்ளே போனது.

"அவர அங்க நிக்க வைக்காதடி. இந்தப் பக்கம் நவுத்து."

ஜெயப்பிரியா மவுஸைப் பிடித்துப் பொம்மையை மெதுவாக இழுத்தாள். கை வெளியே வந்தது. அச்சு வெறும் தகட்டின் மேல் இறங்கியது.