புத்தூர்க் கட்டும் பத்து விரல்களும்

எங்கள் சித்தூரில் அயல்நாட்டிலுள்ள பிள்ளைகளிடம் சென்று சேர்ந்த முதியோர் பலர். கேட்டால், "விசா வந்தது, போனோம்" என்று முடித்துவிடுவர். அந்த விசா வருவதற்குள் கழிந்த ஆண்டுகளை எவரும் எழுதி வைப்பதில்லை. எழுதியிருந்தால் நானும் என் மனைவியும் செய்த பிழை நேர்ந்திராது. இனி ஒருவருக்கு அது நேரக்கூடாது என்பதற்காகவே இதனை எழுதுகிறேன். மற்றபடி எழுதும் ஊக்கம் என்னிடம் மிச்சமில்லை.

எங்கள் ஒரே மகள் கனடாவில் செவிலியாகப் பணிபுரிகிறாள். கணவனைப் பிரிந்தவள். இரவுப் பணியுள்ள நாள்களில் தன் சிறு மகளை அண்டை வீட்டில் உறங்கவிட்டுச் செல்கிறாள். பணிக்கான விசா, நிலையாகத் தங்கும் உரிமை, பின்னர் குடியுரிமை என ஒவ்வொரு படியாக ஏறியவள், எங்களையும் நிலையாகத் தங்க அழைத்துக்கொள்ள விண்ணப்பித்தாள். பெற்றோரை அழைக்க விரும்புவோர் அங்கே மிகுதி. ஆகவே குலுக்கல் முறையில் தெரிவு செய்கிறார்கள். அவள் பெயர் வருவதற்குள் தொட்டிலில் இருந்த பேத்தி பள்ளி செல்லத் தொடங்கிவிட்டாள்.

அதன்பின் சான்றுகள் தேடி அலைந்தோம். காவல்துறைச் சான்றுக்காகத் திருப்பதி சென்று திரும்பிய அன்று, பேருந்திலிருந்து இறங்கும்போது என் மனைவி தடுமாறி விழுந்து வலக்கையை ஊன்றினாள். மணிக்கட்டு கண்முன்னே வீங்கியது. எங்கள் பக்கத்தில் எலும்பு முறிந்தால் மருத்துவமனை இரண்டாவதாகத்தான் நினைவுக்கு வரும். முதலில் வருவது, நாட்டு வைத்தியர்கள் எலும்பு கட்டும் புத்தூர். அடுத்த பேருந்திலேயே சென்றோம். பச்சிலை அரைத்துப் பூசி, மூங்கில் பத்தை வைத்து, விரல் நுனிவரை துணியால் இறுகக் கட்டினார்கள். சொல்லும் நாள்வரை அவிழ்க்கக் கூடாது என்றார்கள்.

சென்னையிலுள்ள விசா மையத்தில் கைரேகை பதிய வருமாறு அழைப்பு முன்னரே வந்திருந்தது. ஆயினும் கட்டும்போது அது இருவருக்கும் உறைக்கவில்லை. நியாயவிலைக் கடையில் ஒரு கட்டைவிரலை வைத்தால் அரிசி தருகிறார்கள். இடக்கை இருக்கிறதே என்ற துணிவில், கட்டின்மேல் பழைய பட்டுத்துணியைச் சுற்றிக்கொண்டு அவள் என்னுடன் சென்னைக்குப் புறப்பட்டாள்.

அங்கே மையத்தில் இருந்த இளம்பெண் என் விரல்களைப் பதிந்துகொண்டாள். என் மனைவியின் கையைக் கண்டதும் நிறுத்திவிட்டாள்.

"பத்து விரலும் வேணும்மா. கட்டு பிரிச்சப்புறம் வாங்க."

"ரேசன் கடையில ஒத்த வெரல்தாம்மா கேக்குறாங்க."

"இது ரேஷன் கடை இல்லம்மா."

"அதான் தெரியுதே. அங்க அரிசியாச்சும் குடுப்பாங்க."

அந்தப் பெண் சிரித்தாள். ஆனால் கைரேகை இயந்திரத்தை மட்டும் நீட்டவில்லை. அழைப்பில் குறித்திருந்த கெடு, கட்டை அவிழ்க்கும் நாளுக்கு முன்பே முடிகிறது. கெடுவை நீட்டிக்கக் கேட்கலாம். அதற்கு மருத்துவரின் கடிதம் வேண்டும் என்றாள். புத்தூரில் கட்டுவார்கள், கடிதம் தருவதில்லை. மகளை அழைத்துச் சொன்னேன்.

"நைனா, டாக்டர் லெட்டர் இல்லன்னா ஒத்துக்க மாட்டாங்க. ரெண்டு பேர் ஃபைலையும் மூடிட்டா, மறுபடியும் குலுக்கல்லேர்ந்து ஆரம்பிக்கணும்."

என் மனைவி கைப்பேசியை வாங்கிக்கொண்டாள். "கொழந்த துன்னுச்சா?"

"நான் என்னா சொல்லிக்கினு இருக்கேன், நீ என்னாம்மா கேக்குற?"

மறுநாள் திருப்பதியில், நான் கல்லூரி ஆசிரியனாக இருந்ததை அறிந்த எலும்பு மருத்துவர் ஒருவரிடம் சென்றோம். அவர் கட்டைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"ஏம் சார், காலேஜ்ல பாடம் சொன்னவங்க நீங்க. புத்தூர்ல கட்டிக்கினு வந்து எங்கிட்ட லெட்டர் கேக்குறீங்களே. நான் கட்டாத கட்டுக்கு நான் எப்படி எழுதுறது? பிரிங்க, மாவுக்கட்டு போட்டு லெட்டர் தரேன்."

அவர் கூறியது முறையானதே. அவிழ்த்துவிடலாம் என்று நானும் சொன்னேன். பல ஆண்டுக் காத்திருப்பு ஒரு துணிக்கட்டில் முடிந்துவிடுமோ என்ற அச்சத்தினும், இனியும் ஒருமுறை தொடங்க முடியாது என்ற அயர்வே என்னைப் பேச வைத்தது.

"அவுக்க மாட்டேன்," என்றாள் அவள். "பாதியில பிரிச்சு கை கோணிக்கிச்சுன்னா, அங்க போயி நான் எதத் தூக்குறது? கொழந்தையவா, உங்க சோத்துத் தட்டையா?"

மருத்துவர் எழுதுகோலை மேசைமேல் வைத்துவிட்டார். அடுத்த நோயாளியை அழைக்கப் போகிறார் என்று எண்ணினேன். அப்போது அவளே கேட்டாள்: "எக்ஸ்ரேவு துணிக்குள்ள பூராதா டாக்டரு? கட்டுக்கு மேலயே ஒரு படம் புடிங்களேன்."

அவர் எழுதுகோலை மீண்டும் எடுத்தார். பின்னர் ஆளை அழைத்துப் படம் எடுக்கச் சொன்னார். படத்தை விளக்கொளியில் பிடித்து, "எலும்பு அதோட எடத்துலதான் சார் இருக்கு" என்றார், சிறிது மனக்குறையோடு. முறிவு உள்ளது, கூடி வருகிறது, அதுவரை விரல்களை வெளியே எடுக்க இயலாது என்று தாம் கண்டதை மட்டும் எழுதிக் கையொப்பமிட்டார். கட்டியவர் யார் என்பதை எழுதவில்லை.

மகள் அக்கடிதத்தை அனுப்பினாள். நாள் நீட்டித்துத் தந்தார்கள். புத்தூரில் கட்டு அவிழ்ந்தபோது விரல் ரேகைகளில் பச்சிலைச் சாறு கருத்துப் படிந்திருந்தது. எலுமிச்சைத் தோலால் நாள்தோறும் தேய்த்தாள். சென்னையில் இயந்திரம் பலமுறை மறுத்து, இறுதியில் ஏற்றுக்கொண்டது.

அதன்பின் உடற்பரிசோதனையும் முடிந்தது. விசா இன்னும் வரவில்லை. கோப்பு மூடப்படவில்லை, இதுவரை நாங்கள் ஈட்டியது அவ்வளவே. அவள் கை நேராகக் கூடியிருக்கிறது. காலையில் குடத்தை வலக்கையால் தூக்கிப் பார்க்கிறாள், பிறகு வைத்துவிடுகிறாள்.

விதிகளை நான் மகள் வாயிலாகக் கேட்டறிந்தவன். அவை அடிக்கடி மாறுகின்றன என்றும் அறிகிறேன். இவ்வழி நடந்தவர்கள் இதில் பிழை கண்டால் எனக்குத் தெரிவிக்க வேண்டுகிறேன். குறிப்பாக, கட்டுள்ள கைக்கு வேறு எளிய வழி இருந்ததா என்று சொல்லுங்கள். இருந்ததென்றால் என் மனைவியிடம் மட்டும் சொல்லவேண்டாம்.