ரோபோட்டுக்கு குஷன் தைத்த மூன்று வருஷம்

குஷன் தைக்கிற தொழிலில் ஒரு நிம்மதி உண்டு: நாம் செய்ததன் மேல் எல்லோரும் உட்காருவார்கள், யாரும் அதைக் குனிந்து பார்க்க மாட்டார்கள். ஈப்போவில் கடை போட்டு, பதினைந்து வருஷம் பஸ் சீட்டும் மோட்டார் சைக்கிள் சீட்டும் தைத்து, நானும் அப்படித்தான் நிம்மதியாக இருந்தேன். எண்பதுகளின் நடுவில் பள்ளிக்கூடத்துக்காரர்கள் வந்து அதைக் கெடுத்தார்கள். வாடிக்கையாளரிடம் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்ட என் சக தொழிலாளர்களே, இதை உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன்?

கையும் இல்லை, காலும் இல்லை

சுங்கை சிப்புட் பக்கமிருந்து நடராஜா சார் என்றொரு வாத்தியார் வேனில் ஒரு பொருளை ஏற்றிக்கொண்டு வந்தார். ரோபோட் என்றார். ஆசையாக எட்டிப் பார்த்தால் கையும் இல்லை, காலும் இல்லை, மூஞ்சியும் இல்லை. நாலு சக்கரம் வைத்த தகரப் பெட்டி, ஒரு பேட்டரி, நீளமான ஒயர். ஒயரின் மறுநுனியில் சுவிட்சுப் பெட்டியைப் பிடித்துக்கொண்டு கலைவாணி என்ற மாணவி நின்றாள். ரப்பர் தோட்டத் தொழிலாளர் லயத்திலிருந்து வருகிற பிள்ளை. வண்டியைச் செய்தவளும் அவள்தான், பள்ளிக்கூடங்களின் ரோபோட் போட்டியில் ஓட்டப் போகிறவளும் அவள்தான்.

வண்டிகள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு பந்துகளைக் கோட்டுக்கு அப்பால் தள்ள வேண்டுமாம். இடித்தால் உடையாமலிருக்க நாலு பக்கமும் பம்பர். விதிப் புத்தகத்தில் வண்டிக்கு இரண்டு பக்கம், பம்பருக்கு ஒன்பது பக்கம். பலகை மேல் ஸ்பாஞ்சு, ஸ்பாஞ்சு மேல் துணி, ஸ்பாஞ்சின் கனம் எட்டு சென்டிமீட்டருக்கு மேல் போகக் கூடாது. பரிசோதனை மேசையில் பம்பர் தேறாவிட்டால் வண்டி களத்தில் இறங்கவே முடியாது. எழுதிய மகானுபாவர் ஆயுளில் ஒரு ஊசியைத் தொட்டிருக்க மாட்டார். நடராஜா சார் அதைப் படித்தாரோ இல்லையோ, என் கையில் கொடுத்துவிட்டுச் சொன்னார்: "சும்மா மெத்துன்னு இருந்தா போதும்லா அண்ணே."

ஒரு விரல்

மெத்தென்று செய்ய எனக்குச் சொல்லித்தர வேண்டுமா? சிவப்புத் துணியில் மூலை மடிப்பெல்லாம் கத்தி மாதிரி வைத்துத் தைத்துக் கொடுத்தேன். போட்டியன்று மேசையில் உட்கார்ந்திருந்த பரிசோதகர் கண்ணாடி போட்ட ஒரு தமிழர். நம்மாள்தானே, விட்டுவிடுவார் என்று சார் நம்பினார். அவர் அளவு குறித்த ஒரு மட்டப் பலகையை வைத்து அளந்தார், உதட்டைப் பிதுக்கினார், வண்டியைத் திருப்பி அனுப்பிவிட்டார்.

சீட்டு தைக்கும்போது ஸ்பாஞ்சை ஒரு விரல் கூட்டித்தான் வெட்டுவோம். உட்கார உட்கார அமுங்கிச் சரியாகிவிடும். இது உங்களுக்குத் தெரியும், எனக்குத் தெரியும், சாருக்குத் தெரியாது. நானும் சொல்லவில்லை. சார் கடைக்கு வந்து பரிசோதகரைத் திட்டியபோது நான் அவரைவிட இரண்டு மடங்கு திட்டினேன். கலைவாணி பம்பரை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பரிசோதகர் அன்று பேசியதே ஒரு வரிதானாம்: "ஒம்பது இருக்கு, எட்டுன்னு எழுதியிருக்கு, அடுத்த ஆளு வாங்க."

அழுக்காகாத பம்பர்

என் கடைப் பெயர் எப்படியோ பரவிவிட்டது. பத்து காஜா ஊரிலிருந்து ஒரு டீச்சர் வந்தார். நீலத் துணி, ஓரத்தில் வெள்ளை நூல், எல்லாம் அவர் இஷ்டப்படி. முடித்துக் கொடுத்ததும் தடவித் தடவிப் பார்த்தார். பிறகு வீட்டு சோபாவுக்குப் போடுகிற மாதிரி மேலே பிளாஸ்டிக் உறை வேண்டும் என்றார்.

டீச்சர், இது இடிபடப் போகிற பொருள், அதுவும் துணிதான் வெளியே தெரிய வேண்டும் என்று விதியில் இருக்கிறது என்றேன். சோபாவைப் பத்து வருஷம் பிளாஸ்டிக்கோடு வைத்து, பிளாஸ்டிக் மேலேயே உட்கார்ந்து வேர்த்து எழுந்திருக்கிற ஜனங்களிடம் இதெல்லாம் எடுபடுமா? போட்டுக் கொடுத்தேன். பரிசோதகர் உறையைக் கிழிக்கச் சொன்னாராம். டீச்சர் வண்டியோடு என் கடைக்கே திரும்பி வந்து நியாயம் கேட்டார்: "புதுசுண்ணே, அத எப்படிக் கிழிக்கிறது?"

கித்தா மானம்

இரண்டாம் வருஷம் நடராஜா சாருக்கு நாட்டுப்பற்று வந்துவிட்டது. கித்தா என்கிற ரப்பர் மரத்துக்கு நடுவில் பிறந்துவிட்டு, வெளிநாட்டு ஸ்பாஞ்சை வைப்பது கேவலமாம். தோட்டத்தில் புகை போட்ட கித்தா ஷீட்டுகளைக் கட்டாகக் கொண்டுவந்து இறக்கினார். விதியில் ஸ்பாஞ்சு என்றிருக்கிறதே என்று கேட்டேன். மெத்தென்ற பொருள் எல்லாம் ஸ்பாஞ்சுதான் என்றார். அதற்கு மேல் நான் வாதாடவில்லை. கனம் சரியாக வந்துவிடும், பழைய கதையை யாரும் கிளற மாட்டார்கள் என்று எனக்கு உள்ளூர ஒரு சந்தோஷம்.

கலைவாணி மட்டும் ஒரு ஷீட்டைத் தூக்கிப் பார்த்து, "சார், வெயிட்டு கூடிரும் சார்," என்றாள். நீ சின்னப் பிள்ளை, சும்மா இரு என்று இரண்டு பேரும் சேர்ந்து அவள் வாயை அடைத்தோம். தைத்து முடித்த பம்பரை வேனில் ஏற்ற மூன்று பேர் வேண்டியிருந்தது. அப்போதும் எங்கள் இரண்டு மண்டையிலும் எதுவும் ஏறவில்லை. பரிசோதனை மேசையில் தராசு முள் எடை வரம்பைத் தாண்டி ஓடியது. அந்த வருஷமும் வண்டி களத்தில் ஒரு அடிகூட உருளவில்லை. கண்ணாடிக்காரர் குனிந்து மோந்து பார்த்துவிட்டுக் கேட்டாராம்: "இது ரோபோட்டா, கித்தா காயப் போடற கொட்டாயா?"

காவல்

மூன்றாம் வருஷம் கலைவாணி தனியாக பஸ் ஏறி வந்தாள். பலகையும் துணியும் அவளே கொண்டுவந்திருந்தாள். அந்த வருஷத்தோடு அவளுக்குப் பள்ளிக்கூடம் முடிகிறது. இந்த முறையும் மேசையிலேயே திருப்பி அனுப்பினால், சொந்தக் கையால் செய்த வண்டியைப் போட்டியில் ஒரு தரம்கூட ஓட்டாமல் அவள் வெளியே போக வேண்டியதுதான்.

சாயங்காலம் வந்து வாங்கிக்கொள் என்றேன். நகரவில்லை. நான் ஸ்பாஞ்சை விரித்து, பழக்கத்தில் ஒரு விரல் தள்ளிக் கோடு போட்டேன். அவள் ஸ்கேலை எடுத்து அந்தக் கோட்டுக்கு உள்ளே வேறொரு கோடு போட்டாள். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. பதினேழு வருஷத் தொழில்காரனுக்குப் பள்ளிக்கூடப் பிள்ளை காவலா? முறைத்தேன். அவள் ஸ்கேலைக் கீழே வைக்காமல் சொன்னாள்: "எட்டுன்னா எட்டுலா அண்ணே, நான் இங்கயே நிக்கிறேன், நீங்க வெட்டுங்க."

எட்டு

போட்டியன்று கடையைச் சாத்திவிட்டு நானும் போனேன். மட்டப் பலகை பம்பர் மேல் ஏறி இறங்கியது. கண்ணாடிக்காரர் எழுதினார், கையை அசைத்தார், அவ்வளவுதான். கலைவாணி சுவிட்சை அழுத்த, தகரப் பெட்டி களத்தில் உருண்டது. எனக்கு அழுகை வந்துவிட்டது, மறைத்து என்ன ஆகப் போகிறது? முதல் ஆட்டத்தில் ஜெயித்தார்கள். இரண்டாவதில் ஆயர் தாவார் பள்ளிக்கூடத்து வண்டி முட்டித் தள்ளித் தோற்கடித்தது. பம்பருக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் ஒரு விரல் குறைந்ததால் துணி தொய்ந்து மூலையில் சுருக்கம் விழுந்திருந்தது. அதைப் பார்க்க எனக்கு வெட்கமாக இருந்தது. அவள் அந்தச் சுருக்கத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

வேனில் ஏற்றும்போது மனசு கேட்காமல் சொல்லிவிட்டேன், முதல் வருஷம் தப்பு பரிசோதகருடையது இல்லை, என்னுடையது என்று. அவள் ஒயரைச் சுற்றிக்கொண்டே சொன்னாள்: "தெரியும்ணே, அன்னிக்கே அளந்து பாத்துட்டேன். சார் இந்த வருஷம் வேற கடைக்குப் போலாம்னாரு. வேற ஆளு எவ்வளவு கூட்டுவாருன்னு தெரியாதுலா, நீங்க ஒரு விரல்னு தெரியும்."

இன்றும் பஸ் சீட்டுக்கு ஒரு விரல் கூட்டித்தான் வெட்டுகிறேன்; ஊரைத் திட்டுவதை மட்டும் டேப்பை எடுத்து அளந்து பார்த்த பிறகே ஆரம்பிக்கிறேன்.